உள்ளங்கையில் மறைந்த புள்ளிகள்

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற ரோட்டில், உப்பளங்களை ஒட்டிய ஓர் ஊரில் இது நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அங்கே இருக்கிற ஒரே நாட்டு மருந்துக் கடை என்னுடையதுதான் என்று பஸ் ஏறி வந்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். என் பெயரும் வேண்டாம், என் வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம். நடந்தது மட்டும் போதும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆத்தூரில் என் அப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை. பத்தாவது படிக்கும்போதிருந்தே கல்லாவில் உட்கார்ந்தவள் நான். சுக்கு எது, சித்தரத்தை எது என்று கண்ணை மூடிக்கொண்டு மணத்திலேயே சொல்லுவேன். வாயும் கொஞ்சம் அதிகம். 'இவ டாக்டருக்கே மருந்து சொல்லுவா' என்று என் அண்ணன் கேலி செய்வான். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்தக் கார்த்திகைக்கு முந்தின தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. அதற்கு முன்னால் ஆறு வருடம் உப்பு லாரி ஓட்டியவர். கேரளா, கர்நாடகா என்று சுற்றிவிட்டு, கல்யாணம் பேசி முடித்த கையோடு லாரியை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். அதிகம் பேச மாட்டார். எங்கள் வீட்டுக்கு அதுவும் தேவைதான், இரண்டு பேருமே பேசினால் கேட்பதற்கு ஆள் வேண்டாமா? கூட மாமியாரும் இருந்தார்கள். வீட்டின் முன்னறையில் நான் கடை போட்டேன்.

உப்பளத்துக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை போட்டால் எது விற்கும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அந்த உப்புத் தண்ணீரில் நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்குக் காலும் கையும் வெடித்துப் புண்ணாகிவிடும். தேங்காய் எண்ணெயில் குங்கிலியமும் தேன்மெழுகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சி ஓர் எண்ணெய் செய்வேன். அப்பாவிடம் கற்றதுதான். வேலைக்குப் போகிற பெண்கள் விடியற்காலையில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி வாங்கிப் போவார்கள்.

அந்தச் சித்திரையில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தபோது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். சின்னச் சின்னதாகச் செம்பு நிறத்தில் புள்ளிகள். காலைத் திருப்பிப் பார்த்தால் உள்ளங்காலிலும் அதே மாதிரி. வலிக்கிறதா என்றேன், இல்லை என்றார். அரிக்கிறதா என்றேன், அதுவும் இல்லை. உப்புப் புண் என்றால் தீயாய் எரியும். இது எரியவில்லை. அது அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் காலில் என்ன வந்தாலும் ஒரே பேச்சுதான்: உப்பு. நானும் யோசிக்காமல் "எல்லாம் உப்புத் தண்ணிதான்" என்று சொல்லி, ராத்திரியும் பகலும் என் எண்ணெயைப் போட்டுவிட்டேன்.

மூன்று வாரத்தில் எல்லாப் புள்ளியும் மறைந்துவிட்டது. எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டாம். கை மேல் பலன் என்றால் இதுதான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். "எங்க வீட்டுக்காரருக்கே இதுலதான் குணமாச்சு, கேட்டுப் பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டுக் கையை விரித்துக் காட்டச் சொல்லுவேன். பாவம், அவரும் வந்து காட்டிவிட்டுப் போவார். அந்தக் கோடையில் எண்ணெய் போன வேகத்துக்குக் குங்கிலியம் வாங்கி மாளவில்லை.

புரட்டாசியில் நான் உண்டானேன். கார்த்திகையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். எல்லாக் கர்ப்பிணிக்கும் எடுப்பதுதான். நாலு நாள் கழித்து அங்கிருந்து நர்ஸ் போன் செய்து, ஒரு பரிசோதனையை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றார்கள். எனக்கு ரத்தசோகை என்றுதான் நினைத்தேன். இரும்புச் சத்து மாத்திரை கொடுப்பார்கள், நாம் முருங்கைக்கீரை, கருப்பட்டி, அத்திப்பழம் பற்றி நாலு வார்த்தை எடுத்துவிடலாம் என்று பதில் எல்லாம் தயார் செய்துகொண்டு, தனியாகவே பஸ் ஏறினேன்.

அங்கே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் ஆலோசனை சொல்கிற ஒரு பெண் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்தார். என் வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்கவே இல்லை. எனக்கு சிபிலிஸ் என்ற நோய்க் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது, இது உடலுறவு மூலமாகப் பரவுவது, ஊசி போட்டால் முழுதாகக் குணமாகிவிடும், குழந்தையையும் காப்பாற்றிவிடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னார். குணமாகிவிடும் என்பதை இரண்டு தடவை சொன்னார். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

நான் சண்டைக்குப் போனேன். அதெல்லாம் அந்தக் காலத்து வியாதி, இப்போது யாருக்கு வருகிறது, ரத்தக் குப்பி மாறியிருக்கும் என்றேன். என் கடையிலேயே பறங்கிச்சக்கை என்று ஒரு மருந்து ஒரு ஜாடி நிறைய இருக்கிறது. 'மேகத்துக்கு, கிரந்திக்கு' என்று அப்பா காலத்தில் அதை வாங்கிப் போவார்கள். கிரந்தி என்றால் இந்த நோய்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரியம்மை ஒழிந்துபோன மாதிரி இதுவும் ஒழிந்துபோய்விட்டது, ஜாடி மட்டும்தான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இது ஒழியவே இல்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது, பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. முதலில் பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு சின்னப் புண் வரும், உள்ளே இருந்தால் கண்ணிலும் படாது. அது தானாக ஆறிவிடும். சில வாரமோ மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு வரும், அதுவும் தானாகவே போய்விடும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் ரத்தத்தில் இருக்கும். அப்படியே விட்டுவிட்டால் பிற்காலத்தில் இதயத்தையும் மூளையையும்கூடத் தாக்கும். தட்டு, தம்ளர், துண்டு, கக்கூஸ் மூலமாக வராது. ஆனால் கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போய்விடும். கரு கலையலாம், இறந்து பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம்.

அந்தக் கடைசி வரியில்தான் என் சண்டை நின்றது. கை தானாக வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் கேட்டார், "உங்களுக்கோ உங்க வீட்டுக்காரருக்கோ உள்ளங்கையில, உள்ளங்கால்ல செம்புள்ளி மாதிரி எப்பவாவது வந்துச்சா? அரிப்பு, வலி ஒண்ணும் இருந்திருக்காது."

அத்தனைக்கு நடுவிலும் என் பழைய வியாபாரப் புத்தி முந்திக்கொண்டது. "அவியளுக்கு வந்துச்சு. ஆனா அது உப்புத் தண்ணியில வந்ததுலா. நான்தான் எண்ணெய் போட்டுக் குணமாக்குனேன்" என்று சொன்னேன். அவர் மேஜையிலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி வைத்தார். யாரோ ஒருவருடைய உள்ளங்கை. செம்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். நான் மூன்று வாரம் ராத்திரியும் பகலும் எண்ணெய் போட்டது அந்தக் கைக்குத்தான் என்று சொன்னாலும் நம்பியிருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. எத்தனை பேருக்கு முன்னால் அவருடைய கையைப் பிடித்து விரித்துக் காட்டியிருக்கிறேன்!

பஸ்ஸில் வரும்போதுதான் வெட்கம் போய்க் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் மூன்று நாள் பேசாமல் இருந்தது சரித்திரத்திலேயே முதல் தடவை என்பதால் மாமியார் பயந்துபோய், மசக்கை தலைக்கு ஏறிவிட்டது என்று வேப்பிலையைக் கொண்டுவந்து சுற்றிப் போட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மாமியார் கோயிலுக்குப் போனதும் கடையைச் சாத்திவிட்டு அவரை எதிரே உட்கார வைத்து, அந்தப் பெண் சொன்ன மாதிரியே ஒரே மூச்சில் சொன்னேன்.

எனக்கு இருந்த பயம் என்ன தெரியுமா? என்னைப் பார்த்து 'உனக்கு எங்கேயிருந்து வந்தது' என்று கேட்டுவிடுவாரோ என்பதுதான். கேட்டிருந்தால் அந்த வீட்டில் நான் இருந்திருக்க மாட்டேன். இது எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ரத்தம் தேதி போட்டுச் சொல்லாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தார். அதனால் வீட்டுக்காரர் கேட்டால் என்னிடம் சாட்சி எதுவும் கிடையாது.

அவர் கேட்கவில்லை. "நான்தான்" என்றார். லாரியில் போன கடைசி மாதங்களில், கல்யாணம் பேசுவதற்கு முன்னால், வெளியூரில் ஓரிடத்துக்கு இரண்டு தடவை போனதாகவும், அப்புறம் ஒரு சின்னப் புண் வந்து அதுவே ஆறிவிட்டதாகவும் சொன்னார். ஆறிவிட்டதால் போய்விட்டது என்று நினைத்தாராம். நான் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். கடைசியில், "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று மட்டும் கேட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். அவருக்கும் ரத்தம் பார்த்தார்கள், அவருக்கும் இருந்தது. இன்னொரு பெரிய வியாதியான எச்.ஐ.வி.யும் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டு பேருக்குமே இல்லை என்று வந்தபோதுதான் மூச்சே வந்தது. வைத்தியம் பென்சிலின் ஊசி. எப்போது வந்தது என்று உறுதியாகத் தெரியாததால் வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம். எனக்கு மட்டும் போட்டால் போதாது, அவருக்கும் போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எனக்கே வந்துவிடும். முடிகிறவரை சேர்ந்து படுக்கக் கூடாது. அந்தக் கோபத்தில் எனக்கு இந்த ஒரு கட்டளை மட்டும் ரொம்பச் சுலபமாக இருந்தது.

டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார்கள். கர்ப்பிணிக்கு வாரம் தவறக் கூடாது. தவறினால் மறுபடியும் முதல் ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவு நாளும் கிருமி பிள்ளையிடம் போய்க்கொண்டே இருக்கும். ஊசி மருந்து அம்மா வழியாகப் பிள்ளைக்கும் போய்ச் சேரும், அதனால் இது இரண்டு உயிருக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி என்றார்கள். முதலில் ஒத்துக்கொள்கிறதா என்று தோலில் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டார்கள். நல்ல வலி. என் வீட்டுக்காரர் ஊசி என்றாலே முகம் வெளுத்துப் போகிறவர். படுக்கச் சொன்னால் என் கையைத் தேடினார். நான் கையைக் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால் கொடுத்திருக்கலாம்.

காலையில் ஊசி போட்டது. மத்தியானத்துக்கு மேல் எனக்குக் குளிர் தூக்கிப் போட்டது. காய்ச்சல், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. மாமியாரிடம் ரத்தத்தில் ஏதோ கிருமி என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவர்கள் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்கள். "ஏளா, புள்ளத்தாச்சிக்கு இம்புட்டுப் பெரிய ஊசியா? ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கவ, நம்ம கடையில இல்லாத மருந்தா?" என்றார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. பிள்ளையை இந்த ஊசியே கொன்றுவிடும் போலிருக்கிறதே என்று பயந்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஊசி போட்ட அன்னைக்குக் காய்ச்சல் வரும், வந்தா பயப்படாம கெளம்பி வாங்கன்னு அந்த அம்மா சொன்னாங்கள்லா" என்றார். எப்போது சொன்னார்கள்? என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் கோபத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காத மனிதர் காதைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கிருமிகள் மொத்தமாகச் சாகும்போது உடம்பு இப்படிக் கொதிக்கும், முதல் ஊசிக்குத்தான் பெரும்பாலும் வரும், ஒரு நாளில் போய்விடும் என்றார்கள். வயிற்றில் வலி, இறுக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, படுக்க வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் காலையில் காய்ச்சல் இருந்த இடம் தெரியவில்லை.

இதோடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரம் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து அந்தப் பறங்கிச்சக்கை ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் சொன்ன ஒரு வார்த்தை என் தலைக்கனத்துக்குத் தேன் தடவிய மாதிரி இருந்தது. நம் கடையில் இல்லாத மருந்தா? அப்பா காலத்தில் எத்தனை பேர் இதில் பிழைத்தார்கள்? (பிழைத்தார்களா என்று நான் ஒருவரையும் போய்ப் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.) ஒரு ஊசிதான் போட்டாகிவிட்டதே, மீதியைச் சூரணமாகச் சாப்பிட்டு முடித்துவிடலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பறங்கிச்சக்கையை இடித்துச் சலித்து டப்பாவிலும் போட்டுவிட்டேன்.

இரண்டாவது ஊசிக்கான நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து விடிந்ததிலிருந்து அடைமழை. எங்கள் பக்கத்தில் கார்த்திகை மழை பெய்தால் உப்பளம் எது, ரோடு எது என்று தெரியாது. பஸ் இல்லை, ஆட்டோ வர மறுத்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. "மழை விடட்டும், நாளக்கழிச்சுப் பாத்துக்கிடலாம். நான் சூரணம் இடிச்சு வச்சிருக்கேன்" என்றேன்.

அவர் அந்த டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏளா, நீ எண்ணெய் போட்ட, புள்ளி மறைஞ்சுது. எனக்குப் புண்ணு வந்துச்சு, அதுவும் மறைஞ்சுது. மறைஞ்சதையெல்லாம் போயிட்டுன்னு ரெண்டு பேருமே நெனச்சோம். இப்ப இதைத் தின்னுட்டு இன்னொரு தடவ மறைக்கப் போறியா? தப்புச் செஞ்சது நான். ஆனா புள்ள எனக்கும்தான். கெளம்பு."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. எண்ணெயைப் பற்றி என்னிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை. பேசியிருந்தால் விட்டிருக்கவும் மாட்டேன். ஆனால் அவர் வாசலில் இறங்கிக் குடைக்குள் நின்றுகொண்டு, ஊசி என்றால் வெளுத்துப் போகிற அதே முகத்தோடு, எனக்காகவும் தனக்காகவும் சேர்த்துக் கூப்பிடுகிறார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில், உப்பு ஏற்றிக்கொண்டு துறைமுகம் போகிற ஒரு லாரி நின்றது. அந்தத் தண்ணீரில் போகக்கூடிய உயரம் அதற்குத்தான் இருந்தது. டிரைவர் அவருடைய பழைய சிநேகிதர். "ஏலே, இந்த மழையில புள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு எங்கல போற?" என்று சத்தம் போட்டுக்கொண்டே கை கொடுத்து ஏற்றிவிட்டார். மாசத்துக்கான செக்கப் என்று சமாளித்தோம். ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது என் வீட்டுக்காரர் ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிநோயாளிப் பிரிவை மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், சேலை எல்லாம் சொட்டச் சொட்டப் போய் நின்றோம். ஆலோசனை சொன்ன அந்தப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். இந்த மழையில் நீங்கள் வர மாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றார். வந்திருக்கவே மாட்டேன் என்று நானும் உண்மையைச் சொன்னேன்.

அன்றைக்கு வீட்டுக்காரர் ஊசிக்குப் படுத்தபோது நானாகவே கையை நீட்டினேன். நன்றாக நசுக்கிவிட்டார்.

மூன்றாவது ஊசிக்கு ஒரு தொல்லையும் இல்லை. அப்புறம் சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். இதில் ஒரு பரிசோதனை ஆயுசுக்கும் 'இருக்கிறது' என்றே காட்டலாம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம், இன்னொன்றில் வருகிற எண் குறைந்துகொண்டே வர வேண்டும், அதுதான் கணக்கு என்று சொன்னார்கள். எண் குறைந்துகொண்டே வந்தது. ஒரு தடவை குணமாகிவிட்டால் மறுபடி வராது என்று இல்லை, புதிதாகத் தொற்றினால் வரும், அதனால் ஆணுறையைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். இனிமேல் அதற்கு வேலை வந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஊசியை நானே போடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அந்த அறையில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம்.

ஆனியில் பெண் பிள்ளை பிறந்தது. கத்திய கத்தலில் என்னைக் கொண்டே பிறந்திருக்கிறாள் என்று மாமியார் சொன்னார்கள். பிள்ளையை முழுக்கப் பார்த்து, ரத்தமும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பிறகும் சில மாதம் கூப்பிட்டுப் பார்த்து, இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அது மூன்று ஊசியில் முடிகிற வைத்தியம் இல்லை. ஆனால் அந்த மழையில் அவர் குடையோடு நின்றதை நான் மறக்கவில்லை. கோபம் வரும்போதெல்லாம் அதையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த கோடையில், ஒரு நாள் விடியற்காலையில், எப்போதும் வருகிற ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உப்பு வாருகிற ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள். எனக்கு இரண்டு மூன்று வயது சின்னவள். "அக்கா, எண்ணெய் ஒண்ணு குடுங்க. கால்ல உப்புக் கடிச்சிருக்கு" என்று கையை நீட்டினாள். பாட்டிலை எடுத்து நீட்டிய நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

செம்பு நிறப் புள்ளிகள்.

"எரியுதா?" என்று கேட்டேன். "இல்லக்கா." "அரிக்குதா?" "ஒண்ணும் இல்லக்கா, சும்மா இருக்கு." பாட்டிலை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு, இது உப்பு மாதிரி தெரியவில்லை, பெரியாஸ்பத்திரியில் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்றேன். அவளுக்கு ஒரு நாள் கூலி போய்விடுமே. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய? உங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரி வந்து, இந்த எண்ணெயிலதான் குணமாச்சுன்னு நீங்கதான போன வருசத்துக்கு முந்தின வருசம் சொன்னிய? அண்ணன் கையைக்கூடக் காட்டுனிய."

நான் சொன்ன சொல் நடந்து வந்து என் கடை வாசலிலேயே நின்றது. என்ன சொல்வது? ஏதாவது ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் சாக்குச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், அடுத்த ஊர்க் கடையில் ஓர் எண்ணெய் வாங்கிப் போடுவாள், மூன்று வாரத்தில் புள்ளி மறையும், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவாள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் மானம், என் வீட்டுக்காரர் மானம், கடை எல்லாம் அந்த ஷேர் ஆட்டோவிலேயே ஏறிப் போய்விடும். உள்ளே தொட்டிலில் என் மகள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்வாசலில் நின்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வாயில் நுரையோடு, 'சொல்லு' என்பது போல ஒரு தடவை தலையை ஆட்டினார்.

அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அவியளுக்கு எண்ணெயில குணமாகல தாயி. மறைஞ்சுது, அம்புட்டுதான். அப்புறம் எனக்கும் வந்துச்சு. ஊசியிலதான் ரெண்டு பேருக்கும் போச்சு. அந்தா கெடக்காள்ல, அவ பொழைச்சதும் அந்த ஊசியிலதான். உனக்கும் அதுதான்னு நான் சொல்லல. ஆனா பாத்துரணும்" என்றேன். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க கூட வாரியளாக்கா?" என்று கேட்டாள். மகளை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

அவளுக்கு என்ன முடிவு வந்தது என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். அது அவளுடையது. அவள் யாரிடமாவது என்னைப் பற்றிச் சொன்னாளா என்றும் நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எண்ணெய் வாங்க வருகிற சில பெண்கள் ஆட்டோ கிளம்பும்வரை நின்றுவிட்டு, "அக்கா, ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிக்கிறார்கள்.

இன்றைக்கும் அந்த எண்ணெயைக் காய்ச்சி விற்கத்தான் செய்கிறேன். உப்புப் புண்ணுக்கு அது நல்ல எண்ணெய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யாராக இருந்தாலும் உள்ளங்கையை விரித்துக் காட்டினால்தான் பாட்டிலைக் கொடுப்பேன். ஒரு காலத்தில் என் பெருமைக்காக ஒரு கையை ஊருக்கெல்லாம் விரித்துக் காட்டியவள், இப்போது வருகிற ஒவ்வொரு கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.